படத்தின் வலது ஓரம்

ஜூன் 9, திங்கள்

உறுதியான தகவல்: சமுதாயக் கல்லூரியின் மாலை நேர ஆங்கில வகுப்பில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. தகவல் தந்தவர் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் சண்முகப்பிரியா. திங்கள், புதன், வெள்ளி. மாலை ஐந்தரை மணி.

"என்ன வேலை பார்க்கிறீங்க சார்?" என்று கேட்டார். "சும்மா, சொந்தமா" என்றேன். இருபத்தெட்டு வருடங்களாக நெய்வேலி நிருபராக இருக்கிறவன் சொல்கிற பதிலா அது?

காரணத்தை இங்கேயாவது எழுதிவைக்க வேண்டும். போன மாதம் வரை வேணு இருந்தார். ஆங்கிலப் பத்திரிகைக்காரர். சுரங்க நிறுவன அதிகாரிகளின் செய்தியாளர் சந்திப்பு முடிந்ததும் நாங்கள் எல்லோரும் மெயின் பஜார் டீக்கடைக்குப் போவோம். வேணு டீயைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே அதிகாரி ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் சொல்வார். நாங்கள் எழுதிக்கொள்வோம். யாருக்கும் அது குறையாகத் தோன்றியதில்லை. இந்த ஊரில் நிருபர் வேலை அப்படித்தான். ஒருவர் போனால் எல்லோரும் போன மாதிரி. ஒருவர் எடுத்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும். வேணு ஓய்வு பெற்று, கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

மே 27 அன்று புது அதிகாரியின் முதல் சந்திப்பு. சீனியர் என்று என்னை முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "யெஸ் சார்" என்றேன். அவர் பார்வையை எடுக்கவில்லை. மறுபடியும் "யெஸ் சார்" என்றேன். பின்னாலிருந்து டி.வி. நிருபர் அருண்ராஜ் குரல் கொடுத்தான்: "ராஜாங்கண்ணே, நீங்க எந்தப் பேப்பர்னு கேக்கிறாருண்ணே."

சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

எழுத்தில் வருவதைச் செல்போன் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறது. எதிரே நின்று பேசுகிற மனிதரிடம் போனை நீட்ட என்னால் முடியவில்லை.


ஜூன் 11, புதன்

முதல் வகுப்பு. ஆசிரியை பெயர் சத்யா. முப்பது வயதுகூட இருக்காது. ஒவ்வொருவரும் எழுந்து பெயர், ஊர், வேலை சொல்ல வேண்டும்.

எனக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மா. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். விருந்தினர் இல்லத்தில் அறை சுத்தம் செய்கிற கான்ட்ராக்ட் வேலை. எழுந்து, "மை நேம் வீரம்மாள். மை வூடு கம்மாபுரம்" என்றார்.

"வூடு இல்லைங்க, ஹவுஸ்" என்றார் சத்யா.

"அவுஸெல்லாம் இல்லைங்க மேடம், ஓட்டு வூடுதான்."

வகுப்பே சிரித்தது. வீரம்மாளும் சிரித்தார். நான் மே 27 அன்று சிரித்த சிரிப்பு இல்லை அது.

என் முறை வந்தது. "மை நேம் ராஜாங்கம்" வரை சரியாக வந்தது. பிறகு வாயில் வந்தது "இன்சூரன்ஸ்". ஏன் அப்படிச் சொன்னேன்? இன்சூரன்ஸ் பற்றி எனக்கு என்ன தெரியும்?


ஜூன் 13, வெள்ளி

வண்டியில் 'பிரஸ்' என்று ஒட்டியிருக்கிறது. இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனேன்.


ஜூன் 20, வெள்ளி

வீட்டில் கனகத்துக்குத் தெரிந்துவிட்டது. வாக்கிங் போவதாகச் சொல்லியிருந்தேன். கதவருகே நின்று கேட்டாள்:

"என்னாங்க, வாக்கிங் போறவரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கினு போவாங்களா?"

சொன்னேன். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்து முப்பது வருடம் குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தியவள். இது ஒரு விஷயமா என்பதுபோலப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு இங்கிலீஷ் வராதுன்னு கல்யாணத்தப்பவே தெரியும். எங்கப்பாவுக்கும் தெரியும். ஊருக்கே தெரிஞ்சத யாருகிட்ட மறைக்கிறீங்க?"

"அருண்ராஜ் பசங்க கிட்ட."

"அதுங்களுக்குத்தான் மொதல்ல தெரியும்."

நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர்களுக்குத் தெரியும் என்பது வேறு. எனக்குத் தெரியாது என்று நானே போய் ஒரு பெஞ்சில் உட்கார்வது வேறு. இதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.


ஜூன் 25, புதன்

வகுப்பு தொடங்குமுன் வீரம்மாள் கேட்டார்: "அண்ணே, எம் மருமவன் வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சிட்டுது. நாளு விட்டுப் புதுப்பிச்சா ஏதாச்சும் கேப்பாங்களா?"

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். விசாரிக்கத்தான் வேண்டும். சண்முகப்பிரியாவுக்குத் தெரிந்த ஏஜென்ட் யாராவது இருப்பாரா பார்க்க வேண்டும். பொய்க்கும் கள ஆய்வு.

அவர் ஏன் படிக்க வந்தார் என்று கேட்டேன். தொழில் புத்தி. விருந்தினர் இல்லத்தில் வரவேற்பு மேஜைக்கு ஓர் ஆள் எடுக்கப்போகிறார்களாம். வருகிற ஆபீசர்களிடம் நாலு வார்த்தை ஆங்கிலத்தில் பேச வேண்டும், அவ்வளவுதான்.

"பக்கெட்ட வெச்சிட்டு நாக்காலில ஒக்காரணும்ணே. முட்டி போய்ட்டுது."

ஒரே சிக்கல், சூப்பர்வைசர் தனகோட்டி. வகுப்புக்காகத் தொடர்ந்து பகல் ஷிப்டு கேட்டதில் அவருக்குச் சந்தேகம். சாயங்கால ஷிப்டுக்கு டிமிக்கி கொடுக்க இது ஒரு சாக்கு என்கிறாராம். சத்யா போனில் பேசியும் நம்பவில்லை. யாரோ தெரிந்த பெண்ணைப் பேசவைத்திருப்பதாகச் சொல்லிவிட்டாராம்.

"நாப்பத்தஞ்சு வயசுல நீ படிக்கிறியான்னு எல்லாரு முன்னாலயும் கேக்கிறாருண்ணே. என்னா பதில் சொல்றது?"


ஜூலை 16, புதன்

கல்லூரியிலிருந்து நிருபர்கள் வாட்ஸப் குழுவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை வகுப்புக்குப் பாடநூல் வழங்கும் விழா, சிறப்பு விருந்தினர், குழுப் படம். செய்தியாளர்கள் வந்து சிறப்பிக்க வேண்டுமாம்.

அருண்ராஜ் கேமராவோடு வந்து நிற்பான், நான் வரிசையில் நின்று புத்தகம் வாங்குவேன்.

குழுவில் உடனே பதில் போட்டேன்: "சின்ன விழா. யாரும் அலைய வேண்டாம். நானே போய்ப் படமும் செய்தியும் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன்." வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. "நன்றிண்ணே" என்று அருண்ராஜ்.

வகுப்பில் வீரம்மாளுக்கு ஒரே சந்தோஷம். பேப்பர்காரர்கள் வருகிறார்கள் என்று சத்யா சொன்னதை வேலையிடத்தில் சொல்லியிருக்கிறார். தனகோட்டி எல்லோர் முன்னிலையிலும் பந்தயம்போலச் சொன்னாராம்: "பேப்பர்ல உன் மூஞ்சி வந்தா காட்டு. படிப்பு முடியிற வரைக்கும் பகல் ஷிப்டே எழுதித் தர்றேன். வரலன்னா சாயங்கால ஷிப்டுதான்."

"வரும் இல்லண்ணே?"

"வரும்" என்றேன்.


ஜூலை 18, வெள்ளி

விழா நடந்தது. சண்முகப்பிரியா என் போனிலேயே படம் எடுத்தார். நான் வலது ஓரத்துக்குப் போய் நின்றேன். எடுக்கப்போகும் நேரத்தில் வீரம்மாள் வேலையிலிருந்து ஓடிவந்தார். யூனிஃபார்ம் சேலைகூட மாற்றவில்லை. எனக்கு அந்தப் பக்கம், கடைசி ஆளாக வந்து நின்று, மூச்சு வாங்க, "தல நல்லாருக்குதாண்ணே?" என்றார். நல்லாயிருக்கிறது என்றேன்.

எல்லோரும் இருக்கிற படம் இது ஒன்றுதான்.


ஜூலை 19, சனி

ஓரத்தைச் சரிசெய்து எல்லோருக்கும் அனுப்பினேன்.


ஜூலை 20, ஞாயிறு

எல்லாப் பத்திரிகையிலும் வந்திருக்கிறது. சிறப்பு விருந்தினர் நடுவில், சத்யா பக்கத்தில். படம் தெளிவாக இருக்கிறது. நான் இல்லை.

நேற்று எழுதிய வரியைத் திருத்த வேண்டும். "ஓரத்தைச் சரிசெய்து" என்பது தவறான தகவல். என்னை எடுத்தால் எனக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரும் போய்விடுவார் என்பது தெரிந்துதான் வெட்டினேன். அவர் முகத்தின் மேல் விரலை வைத்துத்தான் கோட்டை இழுத்தேன். ஒரு படம்தானே, கல்லூரியில் வேறு ஏதாவது கொடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். பந்தயம் எனக்குத் தெரியாதா? "வரும்" என்று சொன்னவனே நான்தான்.

ஒரு பத்திரிகையில் விட்டுப்போனால் இன்னொன்றில் வரும். இங்கே எல்லோரும் என் படத்தைத்தான் போட்டார்கள். ஆகவே எதிலும் இல்லை.


ஜூலை 21, திங்கள்

வீரம்மாள் வகுப்புக்கு வந்தார். கையில் பேப்பர் கட்டு. பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு பேப்பர் விடாமல் வாங்கியிருக்கிறார். ஒவ்வொன்றாகப் பெஞ்சில் விரித்துவைத்தார்.

"இதுலயும் இல்ல. இதுலயும் இல்ல. பாருங்கண்ணே, நீங்களும் இல்ல. ஓரத்துல நிக்கக் கூடாதுண்ணே நாமெல்லாம். அடுத்த தபா நடுவுல போயி நின்னுக்கலாம்."

எனக்கும் சேர்த்து ஆறுதல் சொல்கிறார்! நான் தலையைக் குனிந்து பாடநூலைப் புரட்டினேன். இன்று சத்யா என்ன பாடம் எடுத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.


ஜூலை 23, புதன்

வீரம்மாள் வரவில்லை. சாயங்கால ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்களாம். சத்யா சொன்னார்.


ஜூலை 25, வெள்ளி

எனக்குத் தெரிந்த வழியில் போனேன். தனகோட்டிக்குப் போன் செய்து, பத்திரிகைப் பெயரைச் சொல்லி, வீரம்மாள் உண்மையிலேயே படிக்கிறார் என்றேன். பத்திரிகைக்காரன் பேசினால் நடக்கும் என்பது இந்த ஊர் வழக்கம்.

"சார், நீங்க பேசினதே சந்தோஷம். ஆனா ஒங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"விசாரிச்சேன்."

"விழாவுக்கு நீங்கதான் போயிருந்தீங்களா? படத்துல அந்தம்மா இல்லையே சார்?"

"விசாரிச்சுத்தான் சொல்றேன்" என்றேன் மறுபடியும்.

"புரியுது சார். யாரையோ புடிச்சு ஒங்கள பேச வெச்சிருக்குது. நான் பாத்துக்கிறேன்."

என்ன பார்த்துக்கொள்வார்? வேலையை மோசமாக்கிவிட்டேன். சிபாரிசுக்கு ஆள் பிடித்த குற்றமும் இப்போது வீரம்மாள் தலையில். ஒரே ஒரு வார்த்தை — "நானும் அங்கதான் படிக்கிறேன்" — தமிழ்தானே அது? அதைச் சொல்ல எந்த வகுப்புக்குப் போக வேண்டும்?


ஜூலை 30, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. நேராக விருந்தினர் இல்லம் போனேன். 'பிரஸ்' வண்டியை வாசலிலேயே நிறுத்தினேன்.

தனகோட்டி நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். நான் டீயைத் தொடாமல் சொன்னேன்: "நானும் அந்த வகுப்புலதான் படிக்கிறேன். அந்தம்மா பக்கத்து பெஞ்சு. படத்துல அவங்க இருந்தாங்க."

அவர் சிரித்தார். கேலி இல்லை, மரியாதையான சிரிப்பு.

"என்னா சார் நீங்க. எத்தன வருசமா பேப்பர்ல எழுதுறீங்க. ஒங்களுக்குத் தெரியாத இங்கிலீஷா? அந்தம்மாவுக்காக இவ்ளோ எறங்கி வர்றீங்களே."

"உண்மையைத்தான் சொல்றேன்."

"இருங்க சார்." வெளியே பார்த்துக் கூப்பிட்டார். "இந்தாம்மா வீரம்மா! இவரு யாருன்னு தெரியுதா?"

வீரம்மாள் துடைப்பக்கட்டையோடு வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "தெரியாதுங்களா? எங்கூட படிக்கிற அண்ணன். இன்சூரன்ஸ்ல இருக்காரு."

தனகோட்டி தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா சார்? பொய்ய கூட ரெண்டு பேரும் ஒத்துப் பேசிக்கல. இவரு ரிப்போர்ட்டரும்மா! போன் பண்ண சொல்லத் தெரிஞ்சுது, பேரு விவரம் கேட்டுக்கத் தெரியலயா?"

உண்மையைச் சொன்னவர் வீரம்மாள். என்னால் அவர் பொய்க்காரி ஆனார்.

எழுந்தபோது தனகோட்டி சொன்னார்: "நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன் சார். பேப்பர்ல வரட்டும். ஒங்க பேரும் அதுல வரட்டும். அப்ப ஒத்துக்கிறேன்."

வாசலில் வீரம்மாள் பின்னாலேயே வந்தார். வண்டியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

"அப்ப இன்சூரன்ஸு?"

"இல்லம்மா."

"படத்த பேப்பருக்கு அனுப்புனது?"

"நான்தான்."

கையிலிருந்த துடைப்பக்கட்டையைச் சுவரில் சாய்த்துவைத்தார். பிறகு, "நீங்க படிக்கிறது தெரியக்கூடாதுன்னா ஒங்கள வெட்டிக்கினு போறது. நான் என்னா செஞ்சேன்?" என்றார்.

படத்தில் ஒருவரை மட்டும் எடுக்க முடியாது, ஓரமாகத்தான் வெட்ட முடியும் என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்க ஆரம்பித்தேன்! என்ன மனுஷன்யா நான்? பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் உள்ளே போய்விட்டார்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

எங்கள் பத்திரிகையின் கடலூர் பதிப்பு மேஜையில் இருக்கும் கண்ணையனிடம் பேசினேன். முழுப் படத்தை மறுபடி போட முடியுமா என்று.

"ஒரே விழாவ ரெண்டு தடவ போட முடியாதுண்ணே. படிக்கிற ஆளுங்களப் பத்தித் தனியா எழுதிக் குடுங்க, அந்தப் படத்தப் போட்டுடலாம். ஆனா வெட்டின படம் ஏற்கெனவே வந்திருக்கு. ஏன் வெட்டினீங்கன்னு எடிட்டர் கேப்பாரு."

"ஓரத்துல நிக்கறது நான்தான் கண்ணையா."

"எந்த ஓரத்துல?"

"வலது ஓரத்துல, கடைசிக்கு முன்னாடி. மாணவனா."

இந்தப் பக்கம் நான் காத்திருந்தேன். அந்தப் பக்கம் யாரோ சுவிட்ச் போடுகிற சத்தம். கண்ணையன் இருமினார். "பேர் போடலாமாண்ணே?"

"இடமிருந்து வலமா எல்லார் பேரும் போடு."


ஆகஸ்ட் 4, திங்கள்

வகுப்பில் சத்யாவிடம் அனுமதி கேட்டு எழுந்து நின்றேன். ஆங்கிலத்தில் சொல்லத்தான் யோசித்துவைத்திருந்தேன். தமிழில்தான் வந்தது. என் வேலை என்ன, படத்தில் யாரை வெட்டினேன், ஏன் வெட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். பஸ் கண்டக்டர் ஒருவர், "அந்தம்மா ரெண்டு வாரமா வரலியே சார், இதனாலதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலையில் வீரம்மாளைப் பேட்டி எடுக்கக் கம்மாபுரம் போயிருந்தேன். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அண்ணே என்று கூப்பிடவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். கடைசியில், "இதையும் வெட்டிடுவாங்களா சார்?" என்று கேட்டார்.

சார்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

செய்தியை அனுப்பினேன். தொடக்கமே வீரம்மாள்தான்: கம்மாபுரத்திலிருந்து வருகிறார், அறைகளைச் சுத்தம் செய்கிறார், வேலை முடிந்து ஆங்கிலம் படித்தார், இப்போது ஷிப்டு மாறியதால் வர முடியவில்லை. தனகோட்டியின் தரப்பையும் கேட்டு எழுதியிருக்கிறேன். படக் குறிப்பின் கடைசி இரண்டு பெயர்கள்: ராஜாங்கம் (நமது நெய்வேலி நிருபர்), வீரம்மாள்.

எல்லாப் பத்திரிகையிலும் விட்டுப்போனவர் எல்லாவற்றிலும் வர வேண்டும். அதனால் குழுவிலும் போட்டேன். "ஜூலை 19 அன்று நான் அனுப்பிய படம் முழுமையானது அல்ல. வேண்டுமென்றே வெட்டினேன். இது முழுப் படம். பயன்படுத்திக்கொள்ளவும்."

ஒருவர் ஏதோ அனுப்பி, நான் திறப்பதற்குள் அழித்துவிட்டார். பிறகு அருண்ராஜ்: "அண்ணே, வாட்ஸப்ல மங்கலா வருது. ஒரிஜினல மெயில்ல போடுங்க."

போட்டேன். வேறொன்றும் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

கனகம் செய்தியைப் படித்துவிட்டு, "எழுத்து நல்லாருக்குது. செஞ்சது நல்லா இல்ல" என்றாள்.


ஆகஸ்ட் 6, புதன்

உறுதியானது: செய்தியும் முழுப் படமும் நாளைய மாவட்டப் பக்கத்தில் வைக்கப்பட்டுவிட்டன. தகவல்: கண்ணையன், போனில், மதியம். விளம்பரம் வந்தால் படம் சிறிதாகலாம். ஓரம் போகாது என்றார். மற்றப் பத்திரிகைகளில் இரண்டு போடுவதாகச் சொல்லியிருக்கின்றன. மற்றவை பதில் சொல்லவில்லை.

இன்று வகுப்புக்குப் போனேன். கண்டக்டர் இன்னும் என்னோடு பேசவில்லை. சத்யா என்னை வாசிக்கச் சொன்னார். தப்பும் தவறுமாக ஒரு பத்தி முழுவதும் வாசித்தேன். முன்பெல்லாம் தெரியாத வார்த்தையை விழுங்கிவிட்டுப் போவேன். இன்று நிறுத்திக் கேட்டேன். பக்கத்து பெஞ்சு காலி.

இன்னும் தெரியாதவை: தனகோட்டி அடுத்த வாரத்துக்கு ஷிப்டு எழுதுவது நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை. பேப்பரைப் பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொன்னார். வரவேற்பு மேஜைக்கு ஆள் எடுப்பது இந்த மாதக் கடைசியில்; அதற்குள் வீரம்மாள் விட்ட பாடங்களைப் பிடிக்க முடியுமா என்பது சத்யாவுக்கே தெரியவில்லை.

பகல் ஷிப்டு கிடைத்தாலும் அவர் என் பக்கத்தில் வந்து உட்காருவாரா என்பது பற்றி யாரிடமும் தகவல் இல்லை. திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்குத் தெரியும்.